மாப்பிள்ளை ரூம் மெத்தைமேல் ஒரு ஜாஸ்

அந்த ஆல்பம் வெளிவந்ததிலிருந்து செஞ்சியிலும் திண்டிவனத்திலும் பேண்டு வாசிக்கிற பையன்கள் மாறி மாறி போன் பண்ணுகிறார்கள். "பாய், அதுல சாக்ஸ் வாசிக்கிறது நெஜமாவே நீங்கதானா?" என்று ஒருத்தன். "இன்னா பாய், கல்யாணத்துல ஊதிக்கினு இருந்தவரு ஜாஸ்ல போயி குந்திக்கினீங்க?" என்று இன்னொருத்தன். குந்தவில்லை தம்பிகளா, நின்றேன். சரியாகச் சொன்னால் நடந்தேன். ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. வாய் எனக்குச் சோறு போட்ட உறுப்பு, அதை வீணடிக்க மனசில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

என் பெயரைச் சொல்லி விசாரித்தால் செஞ்சியில் ஒருத்தருக்கும் தெரியாது. சாக்ஸ் பாய் வீடு என்றால் எந்த ஆட்டோவும் வாசலில் கொண்டுவந்து விடும். முப்பது வருஷத்துக்கு மேல் கோதண்டம் மாஸ்டரின் பேண்டு செட்டில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்தேன். வாசிக்கக் கற்றுக்கொண்ட கதை பெரிசாக ஒன்றுமில்லை. என்னைப் பெற்ற அத்தா தோல் மண்டிக்கு வேலைக்குப் போகச் சொன்னார், எனக்கு அந்த நாற்றம் பிடிக்காமல் பேண்டுக்கு ஓடினேன். முதல் வருஷம் சத்தமே வரவில்லை. இரண்டாம் வருஷம் வந்த சத்தத்தால் அக்கம்பக்கத்தில் சண்டை வந்தது. மூன்றாம் வருஷம் மாஸ்டர் என்னை வரிசையில் நிறுத்தினார்.

மாஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், அவர் இல்லாமல் ஆல்பம் இல்லை. ஊர்வலத்தில் நாங்கள் எல்லோரும் முன்னால் பார்த்து நடப்போம். அவர் மட்டும் எங்களைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடப்பார். குண்டு குழி, சாக்கடை மூடி, படுத்திருக்கிற நாய் எல்லாம் அவர் குதிகாலுக்குத் தெரியும். ஒருநாளும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. எல்லாம் வலது கையில்தான். ஒரு விரல் காட்டினால் மறுபடி வாசி, கையை மூடினால் முடி. சிவப்புக் கோட்டும் தொப்பியும் போட்ட பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு மனுஷனின் விரலைப் பார்த்து ஊர் முழுக்க நடப்போம்.

அவருக்கு ஒரே சட்டம். சத்தம் கீழே விழக்கூடாது. மாப்பிள்ளை ஊர்வலத்தில் பாட்டு நடுவில் அறுந்தால் பெண் வீட்டுக்காரர் முகம் சுண்டும், மாப்பிள்ளை வீட்டுக்காரர் அபசகுனம் என்பார். அதனால் எங்களை ஜோடி ஜோடியாக நிறுத்தியிருந்தார். எனக்கு ஜோடி கிளாரினெட் தேவராஜ். என் இடது பக்கம் நடப்பான். அவன் மூச்சு வாங்கும்போது நான் தாங்க வேண்டும், நான் வாங்கும்போது அவன். அதற்கு வாயைப் பார்க்கக் கூடாது, தோளைப் பார்க்க வேண்டும். தோள் மேலே ஏறினால் மூச்சு வாங்கப் போகிறான் என்று அர்த்தம். ஏறின அந்த நொடியே நம் சத்தம் உள்ளே போய்விட வேண்டும்.

ரெண்டு பேரும் ஒன்றாக மூச்சு வாங்கி ஓட்டை விழுந்துவிட்டால் மாஸ்டர் திட்டமாட்டார். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ரெண்டு பேரையும் பார்த்து, "நீங்க கடைசிப் பந்தி" என்பார். அவ்வளவுதான் தண்டனை. கடைசிப் பந்தியில் சாம்பார் ரசமாகியிருக்கும், ரசம் வெந்நீராகியிருக்கும், வடை என்ற பேச்சே இருக்காது. கல்யாணச் சாப்பாட்டுக்காகவே பேண்டில் ஒட்டிக்கொண்ட எனக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. ஒரு வருஷத்தில் என் உடம்பு திருந்திவிட்டது. தூக்கத்தில் பக்கத்தில் யாராவது தோளைத் தூக்கினால்கூட எனக்கு வாய் குவியும் என்று என் வீட்டுக்காரி சபுரா கேலி பண்ணுவாள்.

அந்தச் சட்டத்துக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. போகிற தெருவில் துக்க வீடு இருந்தால் மாஸ்டர் வலது உள்ளங்கையை விரித்து எங்களுக்குக் காட்டுவார். பாட்டு எந்த இடத்தில் இருந்தாலும் சரி, அந்தக் கணமே வாயை எடுத்துவிட வேண்டும், டிரம்ஸ் குச்சி கக்கத்துக்குப் போய்விட வேண்டும். ஆனால் பாட்டு நிற்காது. பாட்டு காலுக்குப் போய்விடும். ஊதாமல், அடிக்காமல், அதே நடையில் நடந்துகொண்டே மனசுக்குள் பாட்டை ஓட்டுவோம். சாவுப் பந்தலைத் தாண்டினதும் அவர் கை மடங்கும். அப்போது பாட்டு ஊதியிருந்தால் எங்கே வந்திருக்குமோ, அந்த இடத்தில் எல்லோரும் ஒன்றாக விழ வேண்டும்.

பனமலையில் ஒரு கல்யாணம். ஏரிக்கரை பக்கம் சாயங்கால ஊர்வலம். திரும்பின தெருவில் ஒரு வீட்டு வாசலில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரத்தில் சுருட்டிப் போட்ட பழைய கோரைப்பாய். மாஸ்டர் கையை விரித்தார். சத்தம் நின்றதும் மாப்பிள்ளையின் தாய்மாமன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

"யோவ், உங்கள ஊதறதுக்குக் கூப்டமா, நடக்கறதுக்குக் கூப்டமா?"

மாஸ்டர் கையை இறக்கவில்லை, பின்பக்கமாக நடப்பதையும் நிறுத்தவில்லை. "அந்த ஊட்ல பொணம் இருக்குதுங்க. உங்க மாப்ள நூறு வருசம் நல்லா இருக்கட்டும்" என்றார், டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிற மாதிரி.

அந்த ஆள் தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு எங்களோடு அவரும் சத்தமில்லாமல் நடந்தார். துக்க வீட்டிலிருந்து ஒரு அம்மா வெளியே வந்து எங்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது. பந்தல் தாண்டி மாஸ்டர் கையை மடக்கினதும் நாங்கள் விழுந்த இடம் நூலளவு பிசகவில்லை. இந்த வேலையில் இருப்பதற்காகப் பெருமைப்பட்ட நாள் அதுதான்.

இனி என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். செஞ்சி வட்டாரத்தில் பாதிக் கல்யாண வீடியோக்களில் நான் இருக்கிறேன். கன்னம் உப்பி, கண் பிதுங்கி, சிவப்புக் கோட்டில். ஒன்றில்கூட என் சத்தம் கிடையாது. வீடியோக்காரர்கள் ஊர்வலச் சத்தத்தை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவார்கள். "மீனாட்டம் வாயத் தொறந்து மூட்றீங்க, சத்தம் யாருதோ வருது" என்று சபுரா சிரிப்பாள். நானும் சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

என் மகள் பர்வீன் கல்யாணத்தில்தான் சிரிக்க முடியவில்லை. பெண்ணைப் பெற்றவன் ஊதக்கூடாது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நான் வெள்ளைச் சட்டையோடு தேவராஜ் பக்கத்தில் போய் நின்று, மாஸ்டர் தானே கட்டின வரவேற்பு மெட்டை ஊதினேன். என் வாழ்க்கையில் அப்படி ஊதினது இல்லை. வீடியோ வந்தது. நான் ஊதுகிறேன், யாரோ ஒரு பாடகர் காதலிக்காக உருகுகிறார். வீடியோ கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். "ஒரிஜினல் சவுண்டு இன்னாத்துக்கு பாய், அத்த அன்னிக்கே அழிச்சிட்டோம்" என்றான் அந்த ஆள். அடிக்கக் கை ஓங்கிவிட்டேன், தேவராஜ் இழுத்துக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து எனக்கு ஒரே ஆசைதான். நான் ஊதின சத்தம், என் சத்தமாகவே, எங்கேயாவது ஒரு இடத்தில் இருக்க வேண்டும். நான் போன பிறகும் இருக்க வேண்டும்.

அந்த ஆசை நிறைவேறும் முன்னாலேயே வேலை முடிந்துவிட்டது. ஊதுகிறவனுக்கு முதலில் நுரையீரல் போகும் என்று ஊரெல்லாம் நினைக்கிறது. எனக்கு முட்டி போனது. ஊர்வலக்காரனுக்கு முட்டி இல்லாவிட்டால் என்ன இருந்தும் பிரயோசனம் இல்லை. மாஸ்டரும் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். என் கடைசிக் கல்யாணங்களில் ஒன்றுக்குத்தான் ரோசலின் வந்திருந்தாள்.

ரோசலின் புதுச்சேரிக்காரி, ஐம்பது வயசு இருக்கும். மாதா கோயிலில் கற்றுக்கொண்டு, கல்யாணம் பண்ணி பாரிசுக்குப் போய், அங்கே ராத்திரி விடுதிகளில் வருஷக்கணக்காக டெனார் சாக்ஸ், என் ஆல்டோவைவிடப் பெரிய குரல் உள்ளது, வாசித்துவிட்டு ஊர் திரும்பியவள். பெண் வீட்டுக்கு சிநேகிதி. பட்டுப்புடவையோடு பொம்பளைகள் கூட்டத்தில் வராமல் ஊர்வலம் முழுக்க என் பக்கத்திலேயே நடந்தாள். முடிந்ததும் கேட்டாள்.

"பாய், ரெண்டாவது தெருவுல பாட்ட விட்டு வெளிய போயி, எங்கெங்கயோ சுத்திட்டு, கரெக்டா திரும்பி வந்தீங்களே, அது யாரு சொல்லிக்குடுத்தது?"

"யாரும் சொல்லிக்குடுக்கலம்மா. மாடு குறுக்க வந்துட்ச்சி. மாப்ள காரு நின்னுட்ச்சி. அது நவுர்ற வரைக்கும் எதையாவது ஊதணும்ல?"

அவள் சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. "அதாம் பாய் எங்க தொழிலே" என்றாள்.

அவள் தொழிலின் பெயர் பீபாப். ஜாஸிலேயே வேகமான வகை. அவள் சொல்லிப் புரிந்துகொண்டதை என் கணக்கில் சொல்கிறேன். முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள், இது ஊர்வலம் கிளம்புகிற மாதிரி. பிறகு அடியில் பியானோவும் பாஸும் ஓட்டுகிற சுரங்களின் வரிசையை மட்டும் பிடித்துக்கொண்டு ஒவ்வொருத்தரும் அந்த நிமிஷத்தில் தோன்றுவதை வாசிப்பார்கள், மாடு குறுக்கே வந்த மாதிரி. சில இடத்தில் ரெண்டு பேர் நாலு நாலு தாள அளவாக மாற்றி மாற்றிப் பேசிக்கொள்வார்கள். கடைசியில் மறுபடி எல்லோரும் சேர்ந்து மெட்டோடு மண்டபத்துக்குள் நுழைவார்கள். நான் வேலையை விட்ட பிறகு அவள் வீட்டுக்கே வந்தாள். அவள் மெட்டு பாதி, எங்கள் பேண்டு மெட்டு பாதி, முன்னால் நாங்கள் ரெண்டு பேர், ஒரு ஆல்பம் பண்ணலாம் என்றாள். மாஸ்டரின் வரவேற்பு மெட்டுதான் கடைசிப் பாட்டு.

ஒலிப்பதிவு ஸ்டுடியோ மெட்ராசில் இருந்தது. அவ்வளவு தூரம் பஸ்சில் வர என் முட்டி ஒத்துக்கொள்ளாது என்றேன். "அப்ப மெட்ராச இங்க இட்டாரேன்" என்றாள், அப்படியே செய்தாள். எங்கே ஒலிப்பதிவு செய்வது? நான்தான் யோசனை சொன்னேன். ஆடி மாசம் முகூர்த்தம் கிடையாது, கல்யாண மண்டபம் காலியாகக் கிடக்கும். திருவண்ணாமலை ரோட்டில் எனக்குத் தெரிந்த மண்டபம், பின்பக்க ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி மலைக்கோட்டை. மண்டபத்துக்காரர் நூறு ஊர்வலத்துக்கு என்னைப் பார்த்தவர், சரி என்றுவிட்டார்.

மெட்ராசிலிருந்து கார்த்திக் என்ற ஒலிப்பதிவுக்காரப் பையன் வந்தான். பியானோ, பாஸ், டிரம்ஸ் வாசிக்க மூன்று பேர் வந்தார்கள். தங்கமான பிள்ளைகள், என்னோடு சண்டை போடவில்லை, அதனால் அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கார்த்திக் ஜமுக்காளங்களைச் சுற்றிலும் தொங்கவிட்டு, மைக்குகளை நிறுத்தி, தரையில் டேப் ஒட்டி, "அங்கிள், இந்த மார்க்ல நில்லுங்க, செருப்பு வேணாம், அசையாதீங்க" என்றான். பிறகு, "ஃபேன் சத்தம் விழுது, ஆஃப் பண்ணிடலாமா?" என்றான். செஞ்சி வெயிலுக்கு ஆடி, மாசி எல்லாம் ஒன்றுதான். நின்ற இடத்திலேயே நனைந்தோம்.

எல்லாம் தயார், ரோசலின் கை அசைத்தாள், தெருமுனைக் கோயிலின் குழாய் ஸ்பீக்கரிலிருந்து அம்மன் பாட்டு மண்டபம் அதிர வந்தது. கூழ் ஊற்றுகிறார்கள். ஆடியில் கல்யாணம் இல்லை என்பதை மட்டும் யோசித்தேனே ஒழிய, ஆடியில் என்னவெல்லாம் உண்டு என்று யோசிக்கவில்லை. கார்த்திக் ஹெட்போனைக் கழற்றினான்.

"அங்கிள், இது எவ்ளோ நேரம் ஓடும்?"

"ஆடி முடியற வரிக்கும் ஓடும்."

மைக் செட் வைத்தவன் தெரிந்தவன்தான். போய்ப் பேசினேன். கூழ் ஊற்றி முடித்ததிலிருந்து விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் நிறுத்துகிறேன், அதற்கு மேல் ஒரு நிமிஷம் தாமதமானாலும் ஊர்க்காரன் என் தோலை உரித்துவிடுவான் என்றான். அந்த இடைவெளியில்தான் முழு ஆல்பமும் நடந்தது. அதற்குள் பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் டீ குடித்தோம்.

மெட்டுகளைச் சேர்ந்து வாசித்ததெல்லாம் அழகாக வந்தது. நாங்கள் ரெண்டு பேரும் மாற்றி மாற்றி வாசிக்கிற இடம் வந்ததும் வினை ஆரம்பித்தது. அவள் ஒரு வரியை வாசித்து நடுவில் நிறுத்துவாள். நிறுத்தினதும் நான் உள்ளே விழுவேன். அவள் முறைத்து மறுபடி ஆரம்பிப்பாள், நிறுத்துவாள், நான் விழுவேன். வரவேற்பு மெட்டில் இன்னும் மோசம். கடைசியாக மெட்டு திரும்பி வருவதற்கு முன்னால் பியானோ, பாஸ், டிரம்ஸ் உட்பட எல்லோரும் ஒரு முழுச் சுற்று நிற்க வேண்டும், பிறகு ஒன்றாக விழ வேண்டும் என்று அவள் அமைத்திருந்தாள். எல்லோரும் நின்றால் நான் சும்மா இருப்பேனா? ஒவ்வொரு தடவையும் தனியாக ஊதிக்கொண்டு நின்றேன்.

"பாய், நான் நிறுத்தற எடத்துல எல்லாம் ஏன் உள்ள வரீங்க?" என்றாள் ரோசலின்.

"நீங்க நின்னுட்டீங்க. நான் தாங்கறேன்."

"என்னாத்த தாங்கறீங்க? நான் மூச்சு முட்டி நிக்கல பாய், வேணும்னுதான் நிக்கறேன். அந்த எடம் காலியா இருந்தாத்தான் நான் வாசிச்சது கேக்கறவங்க காதுல போயி உக்காரும்."

"கல்யாணத்துல காலியா உட்டா ஒதிப்பாங்க."

"இங்க யாருக்கும் கல்யாணம் இல்ல பாய்!"

எனக்கு வந்த கோபத்தில் சாக்ஸைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். கோபம் வந்தால் எனக்கு அது பழக்கம், பூட்டின சாவியை உடனே தேடுவதும் பழக்கம். கார்த்திக் சமாதானத்துக்கு வந்தான். "பரவால்ல அங்கிள், அதெல்லாம் அப்பறமா கட் பண்ணிடலாம்."

கட் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வீடியோ கடை ஞாபகம் வந்துவிட்டது. ரோசலினும் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் ஒரே கூடத்தில் வாசிக்கிறோம், என் சத்தம் அவள் மைக்கிலும் அவள் சத்தம் என் மைக்கிலும் விழும், ஒன்றை வெட்டினால் இன்னொன்றும் வெட்டுப்படும் என்றாள்.

திரும்பத் திரும்ப முயன்றேன். கண்ணை மூடிக்கொண்டால் என் முறை வரும்போது பிந்தினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டால் கடைக்கண்ணில் அவள் தோள் தெரிந்தது. தோள் ஏறினால் வாய் போகிறது, நான் என்ன செய்ய? புத்தி சொல்வதை உடம்பு கேட்கவில்லை.

சாயங்காலம் குழாய் மறுபடி பாட ஆரம்பித்ததும் ரோசலின் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோபம் இல்லை, களைப்பாகத்தான் இருந்தாள். "பாய், நாளைக்கு மட்டுந்தான் இவங்கல்லாம் இருப்பாங்க. நாளைக்கும் இப்டியே ஆச்சின்னா, வரவேற்புல ஆரம்பத்துலயும் முடிவுலயும் எங்கூட சேந்து வாசிங்க. நடுவுல நான் தனியா பாத்துக்கறேன்."

அவள் சொன்னது நியாயம். ஆனால் சேர்ந்து வாசிக்கிற இடத்தில் டெனார் சத்தத்துக்கு அடியில் என்னுடையது கரைந்துவிடும். என் பெயர் அட்டையில் இருக்கும், என் சத்தம் இருக்காது. மறுபடியும் மீனாக வாயைத் திறந்து மூட வேண்டியதுதான். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தேன். சபுரா தேவராஜுக்கு போன் போட்டாள்.

மறுநாள் மத்தியானம் தேவராஜ் மண்டபத்துக்கு வந்து முன்வரிசை நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். நாங்கள் வரவேற்பை ஆரம்பித்தோம். எல்லோரும் நிற்க வேண்டிய இடத்தில் நான் வழக்கம்போல் ஊதினேன். தேவராஜ் சத்தமாகவே சிரித்துவிட்டான்.

"இன்னாடா பாய், அந்தம்மா கைய விரிச்சிக் காட்டுது, நீ பாட்டுக்கு ஊதிக்கினே கீற? மாஸ்டரு காட்னா ஊதுவியா நீ? கடைசிப் பந்திதான் உனக்கு."

எனக்கு முதுகில் தட்டினாற்போல் இருந்தது. ரோசலின் கையை விரிக்கவில்லை, சாக்ஸைப் பிடித்திருந்த கை சும்மாதான் இருந்தது. ஆனால் அவன் சொன்னது சரி. எனக்கு நிற்கத் தெரியாது என்று ஒருநாள் முழுக்க எல்லோரும் நினைத்தோம், நானும் நினைத்தேன். பனமலையில் நின்றேனே! எத்தனை துக்க வீட்டு வாசலில் நின்றிருப்பேன்! ரோசலினிடம் சொன்னேன், மாஸ்டரின் உள்ளங்கை, காலுக்குப் போகிற பாட்டு, எல்லாம். அவள் கண் அகலமாகக் கேட்டுக்கொண்டாள்.

"அதேதான் பாய். அதேதான் நான் கேக்கறது. அப்ப நேத்து ஏன் வரல?"

"கால் எங்கம்மா இருந்துச்சி? இந்தத் தம்பிதான் அசையாதன்னு ஒட்டி வெச்சிட்டானே!"

காலில்லாமல் எனக்குப் பாட்டு ஓடாது. நடக்க வேண்டும், நின்ற இடத்திலேயாவது நடக்க வேண்டும். மொசைக் தரையில் நடந்து பார்த்தேன். தப்தப்பென்று மைக்கில் விழுகிறது என்றான் கார்த்திக். முட்டியும் முதல் சுற்றிலேயே முறையிட்டது. தேவராஜ் எழுந்து போனான். மாடியில் மாப்பிள்ளை ரூமிலிருந்து மெத்தையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு படியிறங்கி வந்து என் காலடியில் போட்டான்.

"இதுல எத்தினி மாப்ளைங்க தூக்கம் வராம பொரண்டானுங்களோ. நீ ஒருத்தனாவது நடடா."

மெத்தைமேல் ஏறினேன். சத்தம் இல்லை, முட்டிக்கும் பஞ்சு இதமாக இருந்தது. கார்த்திக் முனகாமல் மைக்கை ஒரு சாண் உயர்த்தி வைத்தான். குழாய் பாட ஆரம்பிக்க அதிக நேரம் இல்லை. ஊதுவாயில் மாட்டுகிற நாணல் ரீடை வாயில் ஊறவைத்துக்கொண்டே பிஸ்மில்லா சொல்லிக்கொண்டேன்.

வரவேற்பு கிளம்பியது. நான் நடந்துகொண்டே வாசித்தேன். மாற்றி மாற்றிப் பேசுகிற இடம் வந்தது. ரோசலின் ஒரு வரி வாசித்து நிறுத்தினாள், தோள் ஏறியது. என் வாய் குவிந்தது உண்மை. ஆனால் கால் நடந்துகொண்டிருந்தது, இடது, வலது, துக்க வீட்டு வாசல் என்று சொல்லிக்கொண்டேன், வாய் அடங்கியது. அவள் வரியின் மீதி வந்தது. எவ்வளவு அழகான வரி அது! நேற்று முழுக்க அதன்மேல் நான் மாட்டு வண்டியை ஓட்டியிருக்கிறேன். பிறகு என் முறை. நான் வாசித்தேன், நடுவில் நானும் நிறுத்திப் பார்த்தேன். அவள் தாங்க வரவில்லை. அந்தக் காலி இடத்தில் என் சத்தம் மண்டபத்துச் சுவரில் பட்டுத் திரும்பி என்னிடமே வந்தது. அப்படி என் சத்தத்தை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

கடைசியில் எல்லோரும் நிற்கிற இடம். நின்றோம். கூடம் முழுக்க ஒரு சத்தம் இல்லை. மெத்தையில் என் கால் மட்டும் நடந்தது. முட்டி ஒரு இடத்தில் சுருக்கென்றது, அதைத் தாண்டி வயிறு நிறைய ஒரு மூச்சு இழுத்தேன், எல்லோரும் ஒன்றாக விழுந்தோம். நூலளவு பிசகவில்லை.

பாட்டு முடிந்து கார்த்திக் விரலைக் காட்டும் வரை யாரும் அசையவில்லை. பிறகு அவன் மெதுவாகச் சொன்னான். "சூப்பர் அங்கிள். அந்த சைலன்ஸ்ல உங்க மூச்சு ஒண்ணு மட்டும் விழுந்திருக்கு. அங்க வேற எதுவும் இல்ல, ஈசியா க்ளீன் பண்ணிடறேன்."

"தொட்ட, கைய ஒடிச்சிடுவேன்" என்றாள் ரோசலின்.

தெருமுனையில் குழாய் அம்மன் பாட்டை ஆரம்பித்தது. எல்லோரும் சிரித்துவிட்டோம். நான் அந்த மெத்தையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன். இத்தனை வருஷம் நெஞ்சில் உட்கார்ந்திருந்த வீடியோ கடைக்காரன் எழுந்து போய்விட்டான். தேவராஜ் ஃபேனைப் போட்டான்.

ஆல்பம் வந்ததும் பர்வீன் வீட்டுக்கு வந்து, போனோடு ஒரு சின்ன ஸ்பீக்கரைச் சேர்த்து வைத்துப் போட்டாள். சபுரா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள். ஒவ்வொரு பாட்டுக்கும் "இதுல எது நீங்க?" என்றாள். சின்னக் குரல் நான், பெரிய குரல் அந்தம்மா என்றேன்.

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்குது. வீடியோக்காரன் மாதிரி வேற யாருதையாவது போட்டுட்டு உங்க பேர எழுதிட்டாங்களோ இன்னாவோ."

எனக்குச் சுருக்கென்றது. ஊருக்கே கேட்டு என்ன, இவளுக்குத் தெரியவில்லையே என்று இருந்தது. கடைசியாக வரவேற்பு வந்தது. இவள் கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். எல்லோரும் நிற்கிற இடம் வந்தது. வீடு அமைதியானது. அந்த அமைதிக்குள் நான் இழுத்த அந்த மூச்சு கேட்டது.

சபுராவின் கை நின்றது.

"தோ, இது நீங்க" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "இந்த மூச்சுக்குப் பக்கத்துலதான இத்தினி வருசமா தூங்கறேன், எனக்குத் தெரியாதா?"

பாட்டு முடிந்ததும் மறுபடி போடு என்றாள். பர்வீன் முதலிலிருந்து போடப் போனாள்.

"மொதல்லருந்து வாணான்டி. அந்த மூச்சு வர்ற எடத்துலருந்து போடு."